சிறிய தொழில்முறை அரங்கம்: பத்தாவது ஆள் யார்?

நிழல்மேடை எழுதியது:

வணக்கம். நாங்கள் ஒன்பது பேர். இதுவரை வார இறுதிகளில் கூடி நாடகம் போட்டுவந்த குழு. இப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை விட்டுவிட்டு, எண்பது பேர் உட்காரக்கூடிய ஓர் இடத்தை எடுத்து, முழுநேர அரங்கமாக நடத்துவது என்று துணிந்திருக்கிறோம். ஏழு பேர் நடிகர்கள். ஒருவர் எழுதுகிறார். நான் நெறியாள்கை செய்கிறேன்.

இன்னும் ஒரே ஓர் ஆளைச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்ள முடியும். ஒளியமைப்பாளர் வேண்டும் என்கிறார்கள் சிலர். விளம்பரமும் டிக்கெட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாவிட்டால் மூன்றே மாதத்தில் மூடிவிடுவோம் என்கிறார்கள் சிலர். எட்டாவது நடிகர் வேண்டும் என்பது எழுத்தாளரின் கட்சி. உங்களில் இந்த வேலையிலேயே இருப்பவர்கள் யாரைச் சேர்ப்பீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து முதல் காட்சி வரை வேலை எந்த முறையில் நகர வேண்டும்? நாங்கள் பழகியதெல்லாம் வசனம் மனப்பாடம் ஆனதும் மேடையேறிவிடுவதுதான். அது இனிமேல் போதாது என்பது மட்டும் தெரிகிறது.

கரிக்கோல் எழுதியது:

நீங்கள் சொன்ன மூவருமே வேண்டாம். பத்தாவது ஆள் மேடை மேலாளராக இருக்கட்டும்.

நான் பார்ப்பது அந்த வேலை. சின்ன அரங்குகளில் கடைசி வரிசைக்குப் பின்னால், சிறு விளக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு, மடியில் ஒரு தடித்த கோப்புடன் உட்கார்ந்திருப்பவள். கைதட்டல் என் பக்கம் வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனால் நாடகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தக் கோப்பில் இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

கோப்பில் ஒரு பக்கம் பிரதி, எதிர்ப்பக்கம் வெறுமை. அந்த வெற்றுப் பக்கத்தில்தான் ஒத்திகை முழுவதும் பதிவாகிறது. யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், கையில் என்ன இருக்கிறது, எந்தச் சொல்லில் உட்கார்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது. எல்லாம் பென்சிலில். பேனாவால் எழுதினால் நாளைக்கே அடித்துத் திருத்த வேண்டிவரும், ஏனென்றால் நெறியாளர் நாளைக்கு மாற்றுவார், மாற்றத்தான் வேண்டும். நடிகர் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும், ஒரு வருடம் கழித்து அதே நாடகத்தைத் தூசி தட்டி எடுத்தாலும், இந்தக் கோப்புதான் கை கொடுக்கும். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் இதை எவ்வளவு மதித்தார் என்று பாருங்கள். 1948இல் ஸ்விட்சர்லாந்தின் கூர் நகரத்தில் அவர் ஆன்டிகனி என்ற பழைய கிரேக்கக் கதையை நாடகமாக மேடையேற்றியபோது, அவருடன் பணியாற்றிய ரூத் பெர்லாவ் எடுத்த புகைப்படங்களும் குறிப்புகளும் சேர்ந்து ஒரு மாதிரிப் புத்தகமே உருவானது. அடுத்து அதே நாடகத்தைச் செய்பவர் அதைப் பார்த்துக் கற்கலாம், மறுத்துத் தன் வழியில் போகலாம். இரண்டுக்கும் முதலில் கையில் ஒன்று இருந்தாக வேண்டும்.

இனி, வேலை நகரும் முறை.

ஒத்திகைக்கு முன்பே, பிரதி வந்த அன்றே, ஓர் அட்டவணை. குறுக்கே காட்சிகள், நெடுக்கே பாத்திரங்கள். ஏழு நடிகர்களை வைத்துப் பதினொரு பாத்திரங்கள் என்றால், யார் எதை இரட்டிப்பது, எங்கே உடை மாற்ற நேரமில்லை என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் பளிச்சென்று தெரிந்துவிடும். இது வெறும் நிர்வாகக் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வேலை செய்த ஒரு நாடகத்தில் நீதிபதியாக வெளியேறும் நடிகையே அடுத்த காட்சியின் முதல் வரியில் தாயாக வர வேண்டியிருந்தது. மேலங்கியைக் கழற்றிப் புடவைத் தலைப்பை இழுத்துவிடவே அரை நிமிடம் ஆகும். எழுத்தாளரிடம் சொன்னோம். அவர் அந்த இடைவெளிக்காக, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் நீதிமன்ற வாசலில் நின்றுகொண்டிருந்த சேவகனுக்குப் பன்னிரண்டு வரி எழுதிக் கொடுத்தார். நாடகம் முடிந்து வெளியே போனவர்கள் அந்தச் சேவகனைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். புடவை மாற்றுவதற்காகப் பிறந்த பேச்சு அது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆள் குறைவான அரங்கில் படைப்பு இப்படித்தான் நடக்கிறது. தட்டுப்பாடு ஒரு கேள்வியைக் கேட்கும், பிரதி அதற்குப் பதில் சொல்லும்.

பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு. நாள் கணக்கில் உட்கார்ந்து பிரதியை அலசும் பழக்கத்தை மாஸ்கோ கலை அரங்கம் வலுவாக வேரூன்றச் செய்தது. ஆனால் அந்த அரங்கத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே தம் கடைசிக் காலத்தில், நடிகனைச் சீக்கிரம் எழுப்பி நிற்கவைத்து, உடலால் செய்து கண்டுபிடிக்கச் சொன்னார். நான் அந்தக் கடைசிக் கால ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் பக்கம். அதிக நாள் உட்கார்ந்தால் எல்லோரும் விமர்சகர்கள் ஆகிவிடுகிறார்கள். கதையில் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள் என்பது தெளிவானதும் எழுந்துவிடுங்கள்.

எழுவதற்குள் மேலாளர் தரையில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுவர், கதவு, படி எல்லாவற்றையும் உண்மையான அளவில். கதவு இல்லாவிட்டாலும் கதவின் அகலம் நடிகரின் உடம்பில் ஏறிவிட வேண்டும். கடைசி வாரத்தில் நிஜக் கதவு வந்து சேரும்போது தோள் இடிக்கக் கூடாது.

தொழில்நுட்ப ஒத்திகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வார இறுதிக் குழுக்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது இதைத்தான். அன்று நடிப்புக்கு வேலை இல்லை. விளக்கோ ஒலியோ மாறும் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவித் தாவிப் போவோம். மேலாளர் "ஸ்டாண்ட்பை" என்பார், விளக்குப் பலகையில் இருப்பவர் விரலை வைப்பார், "கோ" என்றதும் அழுத்துவார். அந்த "கோ" என்ற சொல்லை வேறு எதற்காகவும் அன்று யாரும் உச்சரிக்கக் கூடாது. இதைக் கறாராகக் கடைப்பிடியுங்கள்.

ஓர் உதாரணம். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கிறாள் ஒரு பெண், மேடை இருள வேண்டும். சுடர் அணைந்ததைப் பார்த்து நான் "கோ" சொன்னால், என் வாய், அவர் காது, அவர் விரல் என்று கடந்து இருள் வந்து சேர்வதற்குள் கால தாமதமாகிவிடும். அணைந்த திரியும் பிரகாசமான மேடையும் ஒரு கணம் சேர்ந்து தெரியும். அவ்வளவுதான், காட்சி செத்தது. ஆகவே நான் சுடரைப் பார்ப்பதில்லை, அவள் விலாவைப் பார்க்கிறேன். ஊதுவதற்காக அவள் மூச்சை இழுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அவசரமாக இழுப்பாள், ஒருநாள் அழுதுகொண்டே இழுப்பாள். ஒவ்வோர் இரவும் அவளோடு சேர்ந்து நானும் மூச்சு விட வேண்டும். இதற்காகத்தான் ஒரு முழு ஆளைக் கேட்கிறேன்.

காட்சிகள் தொடங்கிய பிறகும் மேலாளருக்கு வேலை குறைவதில்லை. தினமும் எத்தனை நிமிடம் ஓடியது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு வசனமும் கூடாமல் நாடகம் ஆறு நிமிடம் நீண்டிருந்தால், நடிகர்கள் தங்களுக்குப் பிடித்த இடங்களில் தங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பொருள். அதை நெறியாளரிடம் அன்றே சொல்ல வேண்டும், அதுவும் யார் மனமும் நோகாமல்.

கடைசி வரிசை எழுதியது:

கரிக்கோல் சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஒரு கவலை மட்டும் உண்டு. பத்தாவது ஆள் வந்துவிட்டார் என்று மற்ற ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாது.

பாரிசில் நெறியாளர் ஆரியன் மினூஷ்கினும் நண்பர்களும் 1964இல் தொடங்கிய தெயாத்ர் து சொலேய் குழுவைப் பாருங்கள். 1970இலிருந்து பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒன்றில் இயங்குகிறது. எல்லோருக்கும் ஒரே சம்பளம். சமையல், பெருக்குதல், அரங்கப் பொருள் செய்தல் எல்லாவற்றிலும் நடிகர்களுக்குப் பங்கு உண்டு. மினூஷ்கினே வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதுண்டு. நம் பக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளில் வாத்தியார் என்றால் நாடகம் எழுதுபவர், பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், வசனம் திருத்துபவர் எல்லாம் அவரே. 1977இல் ந. முத்துசாமி முன்னின்று தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் தெருக்கூத்தைக் கண்டு கற்று, நடிகனின் உடம்பையே முதலீடாகக் கொண்டு வளர்ந்தது. இவற்றில் எதுவும் "இது என் வேலை இல்லை" என்ற பேச்சோடு நடந்திருக்க முடியாது.

எண்பது இருக்கை என்றீர்கள். அவை தரையில் பதிக்கப்பட்டவையா? இல்லையென்றால் ஒருபோதும் பதிக்காதீர்கள். நெறியாளர் க்ரோட்டோவ்ஸ்கி 1959இல் போலந்தின் ஒப்போலே நகரில் பொறுப்பேற்ற அரங்கின் பெயரே பதின்மூன்று வரிசை அரங்கம். அத்தனை சிறியது. ஆனால் ஒரு நாடகத்துக்கு மனநல மருத்துவமனை போலக் கட்டில்களைப் போட்டுப் பார்வையாளர்களை அவற்றில் உட்காரவைத்தார். டாக்டர் ஃபாஸ்டஸ் செய்தபோது நீண்ட மேசைகளைப் போட்டு அவர்களை விருந்தாளிகள் ஆக்கினார். ஆயிரம் இருக்கை உள்ள மண்டபத்தில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பிரதியை வாசித்ததும் மேடை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பார்க்க வருபவர் எங்கே உட்காருவார், அவருக்கும் நடிகருக்கும் எத்தனை அடி தூரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

மஞ்சள் ஜெல் எழுதியது:

ஒளியமைப்பு என் தொழில். சம்பளத்துக்கு என்னைப் போன்ற ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டாம், நாடகத்துக்கு நாடகம் அழையுங்கள். ஆனால் கடைசி வாரத்தில் அழைக்காதீர்கள். எழுந்து நிற்கும் ஒத்திகை தொடங்கியதுமே ஒருநாள் வந்து சும்மா உட்கார்ந்திருக்க விடுங்கள்.

சின்ன அரங்கில் பெரிய எதிரி தாழ்ந்த கூரை. நடிகரின் இருபுறமும் நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில், ஒன்று வெம்மையாகவும் ஒன்று குளிர்ச்சியாகவும் ஒளி வர வேண்டும் என்று அமெரிக்க ஒளியமைப்பாளர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இலேயே எழுதிவைத்தார். உங்கள் கூரையில் அந்தக் கோணம் கிடைக்காது. ஒளி தட்டையாக வந்து விழும், நிழல் பின்சுவரில் ஏறி நடிகரைவிடப் பெரிதாக ஆடும். நடிகர்களைச் சுவரிலிருந்து சில அடி முன்னால் நகர்த்தி, பக்கவாட்டிலிருந்து ஒளி கொடுத்தால் முகத்துக்கும் உடலுக்கும் ஆழம் வந்துவிடும். இதை நகர்வுகள் முடிவாகும் முன்பே சொன்னால்தான் உங்களால் மாற்ற முடியும். அதனால்தான் சீக்கிரம் கூப்பிடுங்கள் என்கிறேன்.

இருளையும் சோதித்துப் பாருங்கள். வெளியேறும் வழியின் பலகை விளக்கு, கணினித் திரை எல்லாம் எண்பது இருக்கை அரங்கில் நிலவொளி அளவுக்கு வெளிச்சம் தரும். வழிப் பலகையை மறைக்கவே கூடாது, அது பாதுகாப்பு. கணினித் திரையை மறைக்கலாம். இருட்டில் நகர வேண்டிய நடிகர், மேடைக்கு வருவதற்கு முன் திரை மறைவில் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும். கண் பழகிவிடும்.

நிழல்மேடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குழுவில் வாசித்துக் காட்டினேன். மேடை மேலாளர் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். இருக்கைகள் பதிக்கப்பட்டவை அல்ல, நல்லவேளை.

கரிக்கோல் அக்கா, இரண்டு சந்தேகம். ஒத்திகையில் வரிகளை மாற்றுவது எங்கள் எழுத்தாளருக்கு வலிக்கிறது. எதுவரை மாற்றலாம், யார் சொல்வது முடிவு? அடுத்து, வெளியிலிருந்து ஆள் தேடாமல் எங்கள் ஏழு நடிகர்களில் ஒருவரையே மேலாளர் ஆக்கி, எட்டாவது நடிகரைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கரிக்கோல் எழுதியது:

யார் சொல்வது முடிவு என்பதை நாடகம் தொடங்கும் முன் பேசிவிடுங்கள், நடுவில் பேசினால் சண்டையாகும். 1897 ஜூனில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நாடகாசிரியர் நெமிரோவிச் தான்சென்கோவும் மாஸ்கோவில் ஓர் உணவகத்தில் சந்தித்துப் பதினெட்டு மணி நேரம் பேசினார்கள். அடுத்த ஆண்டு பிறந்த மாஸ்கோ கலை அரங்கத்தின் அடித்தளமே அந்தப் பேச்சுதான். இலக்கியம் சம்பந்தப்பட்டவற்றில் இறுதிச் சொல் நெமிரோவிச்சுக்கு, மேடையேற்றத்தில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பின்னாளில் இருவருக்கும் இடையே கசப்பு வந்தது, ஆனாலும் அரங்கம் நின்றது. உங்களுக்கும் உங்கள் எழுத்தாளருக்கும் அதே பிரிவினை பொருந்தும். ஒரு வரி மாற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், மாற்றி எழுதுவது அவர் மட்டுமே. நடிகர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லி வரியை மாற்றினால், மேலாளர் குறித்துவைத்து ஒத்திகை முடிந்ததும் அவரவருக்குக் காட்ட வேண்டும். எழுத்தாளருக்கு வலிப்பதில் பாதி, கேட்காமல் மாற்றுவதால் வருவது. தொழில்நுட்ப ஒத்திகை தொடங்கிய பிறகு ஒரு வரியும் மாறக் கூடாது, விளக்கும் ஒலியும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

வாசிப்பு நடக்கும் நாட்களில் எழுத்தாளர் கட்டாயம் கூட இருக்கட்டும். நடிகர்கள் எழுந்ததும் அவர் போய்விடட்டும். இருந்தால், எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் எழுத்தாளரின் முகத்தைப் பார்த்தே நடிப்பார்கள். முதல்முறை முழுதாக ஓட்டிப் பார்க்கும் அன்று திரும்ப அழையுங்கள், அவருடைய கண்கள் புதிதாக இருக்கும்.

நடிகர்களில் ஒருவரை மாற்றுவது நடக்கும், ஆனால் அவர் விரும்பி வர வேண்டும். நடிக்கத் தெரியாதவரை ஒதுக்கிவைக்கும் இடமாக இதை ஆக்கிவிடாதீர்கள், குழு அதை உடனே மோப்பம் பிடித்துவிடும். தன் காட்சி இல்லாதபோதும் கைப்பேசியை எடுக்காமல் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? நாற்காலி நேற்றைய இடத்தில் இல்லை என்று முதலில் கவனிப்பவர் யார்? அவரிடம் பேசுங்கள். சம்பளம் நடிகர்களுக்கு நிகராக இருக்கட்டும், சுவரொட்டியில் பெயரும் வரட்டும்.

ஆள் முடிவானதும் முதல் வேலையாக அந்த அட்டவணையைப் போடச் சொல்லுங்கள். எந்தெந்த இடத்தில் உடை மாற்ற நேரம் இடிக்கிறது என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.