மருந்துகளின் தரவரிசையை எவ்வளவு நம்பலாம்? புள்ளியியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மருந்தியல் பட்டமேற்படிப்பு மாணவன். ஜர்னல் கிளப்புக்காக (ஆய்வுக் கட்டுரைகளை விவாதிக்கும் கூட்டம்), சிப்ரியானி குழு 2018இல் லான்செட் இதழில் வெளியிட்ட நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸை (பல சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பல மருந்துகளை ஒன்றாக ஒப்பிடும் ஆய்வு) எடுத்திருக்கிறேன். மனச்சோர்வுக்கான 21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 பேர். எண்களைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

சிக்கல் இதுதான். இரண்டு மருந்துகளை நேரடியாக மோதவிட்ட சோதனை இல்லாவிட்டாலும், இரண்டையும் பிளாசிபோவோடு (மருந்தில்லாத போலி மாத்திரை) ஒப்பிட்டதை வைத்து எது மேல் என்று கணக்கிடுகிறோம். அதற்கு இரு பக்க நோயாளிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனைகள் 1979 முதல் 2016 வரை நீள்கின்றன. அமிட்ரிப்டிலினின் பழைய சோதனையில் சேர்ந்தவரும் வோர்டியாக்ஸெட்டினின் புதிய சோதனையில் சேர்ந்தவரும் ஒப்பிடத்தக்கவர்கள்தானா? வயது, நோயின் தீவிரம், பிளாசிபோ பெற்றவர்களின் முன்னேற்றம்: இவற்றில் எதை முதலில் பார்ப்பீர்கள்?

நேரடி, மறைமுக முடிவுகள் முரண்படவில்லை என்றால் போதும் என்கிறார் சீனியர் ஒருவர். எனக்கு ஒட்டவில்லை. நேரடி ஒப்பீடுகள் குறைவான இடத்தில் முரண்பாடு இருந்தாலும் அதைத் தேடும் புள்ளியியல் கணக்குக்குத் தெரியாமல் போகலாமே! எல்லாச் சோதனைகளும் ஒரே திசையில் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். ஆய்வாளர்களே 9% சோதனைகளுக்கு அதிக சார்பு அபாயம் (முடிவு ஒருபக்கமாகச் சாயும் வாய்ப்பு), 73%க்கு மிதமானது என்றுதான் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று: ஒப்பீட்டுக்கேற்பத் திருத்திய ஃபனல் பிளாட்டில் (சிறிய சோதனைகளின் முடிவுகள் ஒருபக்கமாகச் சாய்கின்றனவா என்று பார்க்கும் வரைபடம்) மருந்துகளை எந்த வரிசையில் வைப்பது? பழையது, புதியது என்றா, நிதி கொடுத்தவரைப் பார்த்தா? ஆர் புள்ளியியல் மென்பொருளில், இத்தகைய ஆய்வுக்கான நெட்மெட்டா தொகுப்பைப் பயன்படுத்தியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பேச வேண்டும்.