காப்பித் தோட்டத்து '19 சென்ட்' காசு வில்லை: புளி போட்டுத் தேய்க்கலாமா?

வியாசர்பாடி_கதிர்:
பாட்டியின் சுருக்குப்பையில் காசு போன்ற ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. கொழும்பு வியாபாரி ஒருவரின் பெயரும் '19 சென்ட்' என்பதும் ஆங்கிலத்தில் மங்கலாகத் தெரிகின்றன. 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தபோது கொண்டுவந்தாராம். பாரிமுனைக் கடை ஒன்றில் காட்டினேன். புளி போட்டுப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தால் நல்ல விலை என்றார்கள். தேய்க்கலாமா?

நாணயநேசன்:
தாராளமாக. இது அரசாங்க நாணயம் இல்லை, வியாபாரி தன் கணக்குக்காக அடித்தது. எழுத்து தெரிந்தால்தான் யாருடையது என்று சொல்ல முடியும். எங்களைப் போல வாங்கிச் சேர்க்கிறவர்கள் இல்லையென்றால் இவை என்றோ பழைய பித்தளையாக எடைக்குப் போயிருக்கும்.

மயிலை_சாந்தி:
தயவுசெய்து தேய்க்காதீர்கள் கதிர். புளியின் அமிலம் கறுப்போடு நிற்காது, பித்தளையையும் அரிக்கும். பித்தளையில் கலந்த துத்தநாகம் போன இடம் சிவந்துவிடும். போன மேற்பரப்பு திரும்பி வராது.

அந்த 19 என்ற எண்ணைப் பாருங்கள். காப்பி வேலை செய்த தொழிலாளிக்குக் கூலிக்காகக் கொடுத்த வில்லை இது, பிறகு காசாக மாறும். இலங்கையில் அதற்கு முன் 'பணம்' என்று ஒரு சின்னக் காசுக் கணக்கு இருந்தது. 12 பணம் ஒரு ரிக்ஸ் டாலர் என்ற பழைய நாணயம், அதாவது 18 பிரிட்டிஷ் பென்னி. மூன்று பணம் என்றால் நாலரைப் பென்னி. ரூபாயை நூறு சென்ட்டாகப் பிரிக்கும் கணக்கு 1872-இல் வந்தது. ரூபாய்க்கு 24 பென்னி என்று கணக்குப் போட்டால் நாலரைப் பென்னிக்கு 18.75 சென்ட். அதுதான் 19! நம் 'பணம்' சென்ட் வேஷத்தில் இருக்கிறது. காப்பியில் இலைத்துரு நோய் 1869-லேயே வந்துவிட்டது, அடுத்த இருபது ஆண்டுக்குள் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. அந்தக் கொஞ்ச காலத்துச் சாட்சி இது.

நாணயநேசன்:
கணக்கு அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பச்சைக் களிம்பு பொடிப் பொடியாக உதிர்ந்தால் அது உலோகத்தைத் தின்னும். அதையும் அப்படியே விடச் சொல்கிறீர்களா?

மயிலை_சாந்தி:
அது வேறு. அதற்குக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இவர் சொல்வது கறுப்பும் மங்கலும்தானே? இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் படம் எடுத்தால் எழுத்து தெரிந்துவிடும். தேய்த்த காசுக்கு விவரம் தெரிந்தவர்கள் குறைவாகத்தான் கொடுப்பார்கள், இது உங்களுக்கும் தெரியும். இன்னொன்று, நூறு ஆண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டத்தில் இடமில்லை.

நாணயநேசன்:
சரி, தேய்க்க வேண்டாம். ஆனால் விற்பதே பாவம் என்பதுபோலப் பேச வேண்டாம். சேர்ப்பவர் கையில்தான் இது பத்திரமாக இருக்கும்.

மயிலை_சாந்தி:
விற்கட்டும். யார் கையிலிருந்து வந்தது என்ற விவரத்தையும் சேர்த்து விற்கட்டும். நம் ஆல்பங்களில் எத்தனை வில்லைகளுக்கு அந்த விவரம் இருக்கிறது?

வியாசர்பாடி_கதிர்:
பாட்டியிடம் கேட்டேன். அவருடைய அப்பாயி மாத்தளைப் பக்கம் வைத்திருந்ததாம். சொன்னதைப் பேசச் சொல்லிப் பதிவு செய்துவிட்டேன். இப்போதைக்கு விற்கவில்லை. சுருக்குப்பையிலேயே வைக்கலாமா?

நாணயநேசன்:
வேண்டாம், நம்ம ஊர் ஈரம் துணியில் நிற்கும். பிவிசி உறையிலும் போடாதீர்கள், பச்சைப் பிசின் கசியும். மைலார் என்ற பாதுகாப்பான பிளாஸ்டிக் உறை, கூட ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். பையைப் பக்கத்தில் தனியாக வையுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.