கீழக்கரை கிளைக்குத் தலைமையகத்தின் அலுவலக விதிகள்: எதை வைப்பது, எதை மாற்றக் கேட்பது?

கிளைப்பணி_கீழக்கரை:

கடலிலிருந்து சுமார் 600 மீட்டரில் வாடகைக் கட்டடம், முதல் மாடி. 2,400 சதுர அடியில் 30 பேர் உட்கார வேண்டும். தரையிலிருந்து கான்கிரீட் மேல்தளம் 3.1 மீட்டர் உயரம். வெளிநாட்டுத் தலைமையகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கையேட்டை அனுப்பியிருக்கிறது. தரை முழுக்க கார்பெட் டைல், 2.7 மீட்டரில் ஃபால்ஸ் சீலிங், ஏசி 22 டிகிரி, மின்விசிறி கூடாது, மேசைகளுக்குத் தரைப்பெட்டி (தரையில் பதிக்கும் பிளக் பெட்டி) வழியாக மின்சாரம், எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மேசை, நாலு பேர் நிற்கிற அளவில் பேன்ட்ரி (சாப்பாட்டு அறை). மாற்ற வேண்டுமென்றால் காரணம் எழுதி அனுமதி வாங்கணும். எவற்றுக்குக் கேட்கலாம்? எப்படிக் கேட்டால் கிடைக்கும்?

வரைபடம்_ராம்நாடு:

கையேட்டில் இரண்டு வகை வரிகள் இருக்கும். ஒன்று அளவு: மேசையில் 500 லக்ஸ் (வெளிச்ச அலகு) வெளிச்சம், நடைபாதை அகலம், ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம். இன்னொன்று, அந்த அளவை அவர்கள் ஊரில் எட்டப் பயன்படுத்திய பொருள். அளவில் கை வைக்காதீர்கள். பொருளை மாற்ற மட்டும் கேளுங்கள். தீயணைப்பு, வெளியேறும் வழி போன்றவற்றில் கையேட்டையும் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது கடுமையோ அதை எடுங்கள்.

எம்டிஎஃப் இந்த ஈரக்காற்றில் ஓரம் உப்பி, திருகு பிடிக்காமல் போய்விடும். ஐஎஸ் 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போட்டு, வெட்டிய ஓரம் எல்லாவற்றிலும் எட்ஜ் பேண்ட் (ஓரப்பட்டை) ஒட்டுங்கள். கேபிளுக்காக அடியில் போடுகிற ஓட்டையின் உள்விளிம்பைத்தான் எல்லோரும் மறப்பார்கள், ஈரம் ஏறுவதும் அங்கேதான். திருகும் கீலும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். ஜன்னலுக்கு வெளியே வருவதெல்லாம் 316 ரகம். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் உப்புக்கு அதிகம் தாங்கும்.

கார்பெட் வேண்டாம். செருப்போடு வரும் மணல் இழைக்குள் இறங்கி அறுக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். விட்ரிஃபைட் டைல் போடுங்கள். தினமும் ஈர மாப் போடுகிற தரையில் தரைப்பெட்டி வைத்தால் மூடி துருப்பிடித்து தண்ணீர் உள்ளே இறங்கும். மின்சாரத்தை மேலிருந்து கம்பம் வழியாக மேசைக்கடி டிரேக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கையும் வேலைக்கூடத்தில் போடாமல் விட்டுவிடலாம். விசிறித் தடையையும் மாற்றக் கேட்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், 2.7-இல் சீலிங் போட்டால் விசிறி இறக்கை ஏறக்குறைய 2.4 மீட்டருக்கு வந்துவிடும், அதற்குக் கீழே போகவே கூடாது. மேல்தளத்துக்கு வெள்ளையடித்து விட்டால் விசிறி 2.7-இல் நிற்கும். விளக்கு மட்டும் இறக்கைக்கு மேலே வரக்கூடாது, நிழல் ஓடி ஓடிக் கண் வலிக்கும்.

ஒலியளவு:

கார்பெட் விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி. ஆனால் சீலிங்கையும் சேர்த்து எடுத்தால் கூடம் எதிரொலிக்கும். கான்கிரீட்டில் ஒட்டிய கார்பெட் ஒலியை உறிஞ்சுவது குறைவு, ஃபால்ஸ் சீலிங்கின் மினரல் ஃபைபர் பலகைதான் அந்த வேலையில் பெரும்பங்கு செய்வது. அதை எடுக்கிறீர்கள் என்றால் ஈடு கட்டியே ஆக வேண்டும். பாலியஸ்டர் ஃபெல்ட் பலகைகளை விசிறி இறக்கைக்கு எட்டாமல் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றிலாவது ஒட்டுங்கள். கண்ணாடி இழை வேண்டாம், ஈரம் குடிக்கும். இந்த வரி இல்லாமல் மாற்று அனுமதிக் கடிதத்தை அனுப்பாதீர்கள், அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

குளிர்சாதனம்_மண்டபம்:

22 டிகிரியை மாற்றுவதற்குக் கணக்கே போதும். வெளியே 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் துளிர்க்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 24 டிகிரி. உள்ளே 22 வைத்தால் ஏசியின் குளிர்காற்று நேராகப் படும் ஜன்னல் கண்ணாடியின் வெளிமுகம் வேர்க்கும், கதவிடுக்கு வழியாகக் காற்று நுழையும் இடத்தில் பூஞ்சை வரும். 26 வைத்து விசிறி ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை, உடம்புக்கும் 23, 24 போலத்தான் இருக்கும். கையேட்டில் ஆஷ்ரே 55 (அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் உடல்வசதித் தரம்) என்று குறிப்பிட்டிருப்பார்கள், பாருங்கள். காற்றின் வேகம் கூடினால் வெப்பநிலையை உயர்த்தலாம் என்று அந்தத் தரத்திலேயே இடம் இருக்கிறது. அவர்கள் தரத்தைக் காட்டியே கேளுங்கள்.

ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்று கொண்டுவராது. ஆஷ்ரே 62.1 என்ற காற்றோட்டத் தரத்தின் கணக்கில் வெளிக்காற்று ஆளுக்கு விநாடிக்கு 2.5 லிட்டர், சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர். உங்கள் 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர், 30 பேருக்கு 75 கூட்டல் 67, ஆக விநாடிக்கு 142 லிட்டர், அதாவது சுமார் 300 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). இதை எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்துச் செய்தால் உப்புக்காற்று இடுக்கெல்லாம் வழியாக உள்ளே இழுக்கப்படும். ஃபில்டரோடு உள்ளே தள்ளும் ஃபேன் வையுங்கள். அது காற்றை இழுக்கும் வாய் கருவாடு காயும் பக்கம் இருக்க வேண்டாம்.

கிளைப்பணி_கீழக்கரை:

நன்றி. ஏசியின் வெளி யூனிட்டுக்குத் தெற்குச் சுவர், வடக்குச் சுவர் இரண்டிலும் இடம் இருக்கு. எது நல்லது?

குளிர்சாதனம்_மண்டபம்:

வடக்கு. உங்களுக்குக் கடல் தெற்கில். வடகிழக்குக் காற்று நிலத்தைக் கடந்துதான் வரும், உப்பு குறைவு. (மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல், இந்த வசதி கிடையாது.) ஃபின்னுக்கு (காயிலின் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு) நீலப்பூச்சு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், எபாக்சி பூச்சு கேளுங்கள். ஸ்டாண்ட் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியதாக) இருக்கட்டும். மாதம் ஒருமுறை காயிலைக் கழுவுங்கள், ஆனால் போர்வெல் தண்ணீரில் அல்ல. அது உப்பென்றால் நீங்களே உப்பைப் பூசுகிறீர்கள். ஆர்ஓ தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர்.

அரிப்புக்குச் சான்று கேட்டால், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் முகாமில் எடுத்து வெளியிட்ட அரிப்பு அளவீடுகளைத் தேடி இணையுங்கள். நம் கரையிலேயே எடுத்தவை.

உள்ளரங்கம்:

பேன்ட்ரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாண்ட்விச் சாப்பிடும் ஊருக்குப் போட்ட அளவு அது. இங்கே முப்பது பேரும் டிபன் கேரியர் திறந்து கையால் சோறு சாப்பிடுவார்கள், பாதிப் பேரிடம் மீன்குழம்பு. பத்துப் பேர் உட்காரும் மேசை, மூன்று பந்தி, அறைக்குள்ளேயே இரண்டு கைகழுவும் குழாய், தனி எக்ஸாஸ்ட், தானாக மூடும் கதவு. கழிவறைக் குழாயில் கை கழுவ அனுப்பினால் வரிசை நடைபாதைக்கு வந்துவிடும்.

கையேட்டில் அமைதி அறை என்று ஒன்று இருந்தால் அதற்கு அனுமதியே தேவையில்லை, தொழுகைக்கு அதையே பயன்படுத்துங்கள். பாய் விரிக்கும் திசை மேற்கிலிருந்து சற்று வடக்காக வரும்படி கதவை அமையுங்கள், தொழுபவர் முன்னால் ஆள் கடக்கக்கூடாது. பக்கத்தில் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யத் தாழ்வான குழாய், உட்காரத் திண்டு, தரைச்சரிவு, சொரசொரப்பான டைல். வாஷ்பேசினில் கால் கழுவ வைத்தால் தரை எப்போதும் ஈரம்தான்.

செருப்பு வைக்கும் அலமாரியை வாசலுக்கு வெளியே, மழைச்சாரல் படாத பக்கம் வையுங்கள். கழிவறைக்குத் தனிச் செருப்பு.