மாமாவின் குயாடோன் ஆம்ப்: ஒரு வால்வு மட்டும் தணல் மாதிரிச் சிவக்கிறது

ஆறுகம்பி, தாண்டவன்வெளி:

பழைய வால்வு ஆம்பைத் திறந்து வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

என் பெரிய மாமா கப்பலில் வேலை செய்தவர். 1970-களில் யோகோஹாமாவில் ஒரு பழைய சாமான் கடையில் இந்த குயாடோன் என்ற ஜப்பான் கிற்றார் ஆம்பை வாங்கி வந்தார். மொடல் எழுதிய தகடு எப்போதோ கழன்றுவிட்டது, இரண்டு ஆணி ஓட்டைதான் மிச்சம். பின்பக்கம் 100 வோல்ட், 50-60 சைக்கிள் என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருக்கிற வால்வுகள்: சத்தத்தை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 மூன்று, ஸ்பீக்கரை ஓட்டும் 6பிகியூ5 இரண்டு, ஏசியை டிசியாக்கும் 6சிஏ4 ஒன்று. ஸ்பீக்கர் பன்னிரண்டு அங்குலம்.

இதைத் தூக்கிக்கொண்டுதான் மாமா, போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணங்களுக்குக் கிற்றார் வாசிக்கப் போவார். அவர்களுடைய வயலினுக்குப் பக்கத்தில் நின்று விடியவிடிய கஃப்ரிஞ்ஞா, பைலா என்று ஆட்டப்பாட்டுத்தான். பாடும்போது மைக் உதட்டில் சுள்ளென்று அடிக்குமாம். அதற்காக மைக்கைச் சுற்றி எப்போதும் ஒரு லேஞ்சி (கைக்குட்டை) கட்டியிருப்பார். சின்ன வயதில் அது ஸ்டைலுக்கு என்று நினைத்து நானும் கரண்டியில் லேஞ்சி கட்டிப் பாடியிருக்கிறேன்.

மாமா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். "நீதானே மனே வாசிக்கிறாய், கொண்டு போ" என்று மாமி தந்துவிட்டார். பாயில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடந்தது. மட்டக்களப்பு வாவிக் காற்று சும்மா விடுமா? ஸ்க்ரூ எல்லாம் கறள்.

முதலில் ஒரு கடையில் கொடுத்தேன். 4500 ரூபாய் வாங்கிக்கொண்டு "எல்லாம் செக் பண்ணியாச்சு, போட்டுப் பாருங்கோ" என்றார்கள். நல்ல காலம், போட முன்னம் ஃபியூஸ் மூடியைத் திருகிப் பார்த்தேன். எரிந்துபோன ஃபியூஸில் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தது! அது கடைக்காரர் செய்ததா, மாமா ஏதோ ஒரு கலியாண இரவில் அவசரத்துக்குச் செய்ததா, தெரியாது. ஆனால் செக் பண்ணினவர் பார்த்திருக்க வேண்டாமா?

சரி, புது ஃபியூஸ் போட்டு, வீட்டுக் கரண்டை 110 வோல்டுக்குக் குறைக்கிற ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்றும் வாங்கிப் போட்டேன். ஐந்து நிமிஷம் அருமையாகப் பாடியது. அப்புறம் ஒரே உறுமல். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் இடது பக்க 6பிகியூ5-க்குள் இருக்கிற தகடு அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்துகொண்டு வருகிறது. வலது பக்கத்து வால்வு சாதாரணமாக இருந்தது. பயந்து நிறுத்திவிட்டேன்.

வால்வு போய்விட்டதா? கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்று என்று ஒருவர் சொல்கிறார். மாற்றினால் மாமாவின் அந்தச் சத்தம் போய்விடுமா? எனக்கு அதுதான் கவலை.

பேஸ்காரன், அக்கரைப்பற்று:

மச்சான், ஒன்றையும் மாற்றாதே. பழைய ஜப்பான் சாமானுக்கு உள்ளே இருக்கிற பழைய பார்ட்ஸ்தான் பெறுமதி. வால்வை மட்டும் மாற்றிப் பார். இல்லாவிட்டால் 100 வோல்ட் ட்ரான்ஸ்போமரைக் கழற்றி 230-க்குச் சுற்றுவித்தால் ஸ்டெப்டவுன் தொல்லையும் இல்லை.

பழைய ரேடியோ, களுவாஞ்சிக்குடி:

தம்பி, புது வால்வு வாங்கப் போகாதீர். காரணம் வேறாக இருந்தால் அதுவும் அதே இடத்தில் சிவந்து சாகும். முதலில் இடது வலது வால்வை மாற்றிப் போட்டு ஒரு நிமிஷம் பாரும். சிவப்பு வால்வோடு கூடப் போனால் வால்வில் பிழை. அதே சொக்கெட்டில் நின்றால் சுற்றில் பிழை. ஐந்து நிமிஷம் நன்றாக ஓடிப் பிறகு சிவந்தது என்கிறீர். எனக்கென்றால் கப்ளிங் கண்டென்சரில்தான் சந்தேகம்.

12ஏஎக்ஸ்7-இன் தகட்டில் நூறு, இருநூறு வோல்ட் டிசி நிற்கும். அதைத் தடுத்துச் சத்தத்தை மட்டும் 6பிகியூ5-இன் கிரிட்டுக்கு, அதாவது வால்வைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, விடுவது அந்தச் சின்னக் கப்ளிங் கண்டென்சர். கிழண்டிப்போனால் டிசியும் கசியும். கிரிட் பொசிட்டிவ் ஆனால் வால்வு கடிவாளம் இல்லாத குதிரைதான். 12 வாட் தாங்கும் தகட்டில் அதற்கு மேலே எரியும். ஆம்பைத் திருப்பிப் பிடித்து, சொக்கெட்டில் இடைவெளி விட்ட இடத்திலிருந்து மணிக்கூட்டுப் பக்கமாக எண்ணும். இரண்டாவது பின் கிரிட். 6பிகியூ5 இரண்டையும் கழற்றி வைத்து, கொஞ்ச நேரம் மட்டும் போட்டு, அந்தப் பின்னுக்கும் சேசிக்கும் (உள்ளே இருக்கிற உலோகச் சட்டம்) இடையில் மீற்றரைப் பிடியும். பூச்சியம் காட்ட வேண்டும். வால்வு இல்லாமலே பத்து, இருபது வோல்ட் காட்டினால் கள்ளன் கண்டென்சர்தான்.

உறுமலுக்கு உம்முடைய கிற்றாரே மீற்றர். தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைப் பிடியும், அது செக்கனுக்கு 98 சைக்கிள். உறுமல் அந்தச் சுருதியோடு சேர்ந்தால் 100 சைக்கிள், அதாவது பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50, வால்வைச் சூடாக்கும் ஹீற்றர் வயரையோ ஏர்த்தையோ பாரும்.

பெரிய கண்டென்சர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலான சாமான், எப்படியும் மாற்றத்தான் வேண்டும். 450 வோல்ட், 22 மைக்ரோஃபரட் போதும். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 100, 200 போடாதீர். 6சிஏ4-க்கு முதல் கண்டென்சர் 50-க்கு மேல் போகக்கூடாது, வால்வு தாங்காது. பேஸ்காரத் தம்பி சொன்னதில் பாதி சரி: ட்ரான்ஸ்போமர், ஸ்பீக்கர், வொல்யூம் கொன்ட்ரோல் ஒன்றிலும் கை வைக்க வேண்டாம். ஆம்பின் சத்தம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. சுற்றுவிக்கிற கதையையும் விடும். கழற்றும் பழைய பார்ட்ஸை ஒரு பையில் போட்டு உள்ளே கட்டி வையும்.

110 ஸ்டெப்டவுன் இதற்கு அதிகம். 6.3 வோல்ட் வரவேண்டிய ஹீற்றரில் 6.9 வரும், ஊர்க் கரண்ட் கொஞ்சம் ஏறினால் ஏழு. 100 வோல்ட் தருவதாகப் பார்த்து வாங்கும்.

உம்முடைய மாமாவின் லேஞ்சிக்கு வருகிறேன். ஆம்புக்கு இரண்டு வயர் பிளக்தானே? ஏர்த் இல்லை. மெயின்ஸின் ஒரு வயரிலிருந்து சேசிக்கு ஒரு கண்டென்சர் போட்டிருக்கும், இரைச்சலைக் குறைக்க. பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் அது வழியாகச் சேசிக்குக் கரண்ட் கசிந்து கிற்றார் கம்பிக்கு வரும். கை கம்பியில், உதடு ஏர்த் உள்ள மைக்கில். அந்தக் காலத்தில் இப்படி அடி வாங்காத கிற்றார்காரன் இல்லை. அந்தக் கண்டென்சரை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயர் கோட் போட்டு, ஏர்த் வயரைச் சேசியில் போல்ட் வைத்து இறுக்கும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பாரும்.

இன்னொன்று. பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே முந்நூறு வோல்ட் நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் வடித்துவிட்டு, மீற்றரில் பார்த்த பிறகுதான் கை. மற்றக் கை சட்டைப் பையில் இருக்கட்டும். 6பிகியூ5 இரண்டும் உள்ளே இருக்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் போட வேண்டாம், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும்.

காத்தான்குடிக் காக்கா:

தம்பி, முதல்தரம் போடும்போது ஸ்டெப்டவுனுக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லம். மங்காமல் நின்றால் உடனே நிறுத்துங்கள், உள்ளே ஷோர்ட். இப்போது கடைகளில் எல்லாம் எல்ஈடிதான், அது சரிவராது. கோழித்தீன் விற்கிற கடையில் கேளுங்கள், குஞ்சுக்குச் சூடு காட்ட வைத்திருப்பார்கள். வால்வு தேவைப்பட்டால் 6பிகியூ5-க்கு ஐரோப்பியப் பெயர் இஎல்84. பழைய ரேடியோகிராம்களில் அது இருக்கும். என்னிடம் உடைந்த ஒன்று கிடக்கிறது, வந்து பாருங்கள்.

ஆறுகம்பி, தாண்டவன்வெளி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை எடுத்தது.

வால்வை மாற்றிப் போட்டேன், சிவப்பு அதே சொக்கெட்டில் நின்றது. வால்வு இல்லாமல் அளந்தால் வலது பக்கம் 0.4 வோல்ட், இடது பக்கம் 31! அண்ணே, நீங்கள் சொன்னதுதான். இடது பக்கக் கப்ளிங் கண்டென்சரில் 0.05 மைக்ரோஃபரட் என்று எழுதியிருந்தது, மேலே பூசிய மெழுகு வெடித்து வாய் பிளந்திருந்தது. இரண்டு பக்கமும் 0.047, 630 வோல்ட் போட்டேன். உறுமலும் மூன்றாவது ஃப்ரெட்டோடு சேர்ந்ததால் பெரிய கண்டென்சர்களையும் மாற்றினேன். சாமான் கொழும்பு புறக்கோட்டையில் மச்சான் வாங்கி உதயதேவி ரயிலில் வந்தவரிடம் கொடுத்து அனுப்பினான். 100 வோல்ட் ஸ்டெப்டவுனும் அவனே தேடிப் பிடித்தான். பல்ப் கோழித்தீன் கடையில்தான் கிடைத்தது. எத்தனை குஞ்சு என்று கேட்டார்கள்.

இப்போது 6பிகியூ5-களின் கதோட் பின்னில் 10.4 வோல்ட் நிற்கிறது, இரண்டு வால்வும் ஒரே நிறம். ஏர்த் போட்டபின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தேன், ஒன்றும் இல்லை. மாமி குசினியிலிருந்து வந்து வாசலில் நின்று கேட்டார். "அவர் இதைவிடச் சத்தமாக வைப்பார்" என்றார்.

பழைய கண்டென்சர்கள் பையில் உள்ளே கட்டியிருக்கிறேன், அந்த வெள்ளித்தாள் ஃபியூஸும்தான்.

வொல்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்கிறது. அதற்கு அடிக்கிற ஸ்பிரே மட்டக்களப்பில் எங்கே எடுக்கலாம்?