ஜீப்பில் ஹைட்ரோலிக் பிரேக் பூஸ்டர் பழுது: உங்கள் அனுபவம் என்ன?

பிரேக் பெடல் இறுகினால், கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குப் போகும் வக்கியூம் (வெற்றிட) குழாயைத் தேடுவதுதான் வழக்கம். என் ஜீப்பை முதலில் பார்த்த கராஜிலும் அதைத்தான் தேடினார்கள். குழாய் இருந்தால்தானே கிடைக்கும்! மொன்டெரோ, பிராடோ போன்ற ஜீப்களில் சில மொடல்களுக்கு வக்கியூம் பூஸ்டர் கிடையாது. மின்மோட்டரில் ஓடும் பம்ப் ஒன்று பிரேக் ஒயிலை அழுத்தி, நைட்ரஜன் அடைத்த ஒரு குடுவையில் சேமித்து வைக்கும். அதை அக்யுமுலேட்டர் என்பார்கள். பெடலுக்குப் பலம் அங்கிருந்துதான் வருகிறது.

கடுகண்ணாவை இறக்கத்தில் பஸர் கத்தி, பிரேக் லைட்டும் ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்து எரிந்தன. கியரைக் குறைத்து, பெடலை முழுப் பலத்தோடு மிதித்து ஒருவழியாக ஓரம் கட்டினேன்.

பழுதைக் கண்டுபிடித்தது காதால்தான். சாவியை மட்டும் திருப்பி, பெடலைத் தொடாமல் கேட்க வேண்டும். நல்ல பூஸ்டரில் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். பிறகு சும்மா இருக்கும். என்னுடையது நின்றுவிட்டு, யாரும் மிதிக்காமலே திரும்பத் திரும்ப ஓடியது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. அப்படியென்றால் அழுத்தம் உள்ளே இருக்கும் வால்வு வழியாகப் பிரேக் ஒயில் டாங்கிக்கே திரும்புகிறது. அக்யுமுலேட்டரில் வாயு போயிருந்தால் கதை வேறு: ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் ஓடும், சாவியை மூடியதும் ஓரிரு மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும்.

புதியதின் விலையைக் கேட்டதும் நேரே கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஜப்பானில் கழற்றிய பூஸ்டர்கள் அங்கே கிடைக்கும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை எல்லாம் ஒன்றல்ல. பாகத்தின் இலக்கத்தை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். பற்றரி கொடுத்து மோட்டரையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் காட்டினார்.

கழற்றுவதற்கு முன் சாவியை மூடிவிட்டு, பெடலை 40 தடவையாவது மிதித்து அழுத்தத்தை இறக்குவது கட்டாயம். உள்ளே அழுத்தம் 100 பாருக்கு மேல் நிற்கும். டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். மாட்டிய பிறகு பிரேக் குழாய்களில் காற்றெடுக்கும் முறையும் வேறு. முன் சில்லுகளுக்கு வழக்கம்போல மிதித்துப் பிடித்தால் போதும். பின் சில்லுகளுக்குச் சாவியைப் போட்டுப் பெடலை அமத்திப் பிடித்தால் பம்ப் தானே ஒயிலைத் தள்ளும். டாங்கி மளமளவென்று வற்றும், ஒருவர் பக்கத்தில் நின்று ஊற்ற வேண்டும். மோட்டர் சூடேறாமல் இடையிடையே ஓய்வு கொடுங்கள்.

*

அண்ணை, எனக்கு நேர்மாறாக நடந்தது. பம்ப் ஓடவே இல்லை. முழு பூஸ்டரையும் மாற்றச் சொன்னார்கள். எங்கள் ஊர் வயரிங் பாஸ் (மின்வேலை மெக்கானிக்) ரிலேயையும் பியூஸையும் பார்த்தார், நல்லாகத்தான் இருந்தன. மோட்டர் பிளக்கில் 12 வோல்ட்டும் வந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டரில் மெல்லத் தட்டினார், ஓடத் தொடங்கிவிட்டது! மோட்டருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மோட்டரை மட்டும் மாற்றினோம், பூஸ்டர் பழையதேதான். ஆனால் தட்டி ஓட வைத்துவிட்டு அப்படியே பாவிக்காதீர்கள். அடுத்த தடவை எந்த இறக்கத்தில் நிற்குமோ தெரியாது.

*

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். டாங்கியில் ஒயில் குறைவாகத் தெரிந்தவுடன் ஊற்ற வேண்டாம். அக்யுமுலேட்டர் நிறைந்திருக்கும்போது மட்டம் கீழேதான் நிற்கும். அந்த 40 மிதிக்குப் பிறகு பாருங்கள், ஏறியிருக்கும். எங்கள் வானுக்கு யாரோ முதலே நிரப்பிவிட்டு, பிறகு வழிந்து பெயின்ட் உரிந்ததுதான் மிச்சம்.

மற்றது, பஸர் அடித்த பிறகு “மெல்ல ஓட்டி வீடு போய்ச் சேரலாம்” என்று நினைக்காதீர்கள் தம்பி. இந்த வகையில் பின் பிரேக்குக்கான அழுத்தம் பூஸ்டரிலிருந்தே போகிறது. அது செத்தால் முன் பிரேக் மட்டும்தான், அதுவும் உங்கள் கால் பலத்தில். லொறியில் ஏற்றி அனுப்புங்கள்.