நிமிடத்துக்கு 5 லிட்டர் காற்று விட்டால் கழிவுநீர்த் தொட்டியின் நாற்றத்தை அளந்துவிட முடியுமா?

வளிமானி:
"ஃப்ளக்ஸ் சேம்பரை, அதாவது கிளம்பும் வாயுவைப் பிடிக்கும் கவிழ்த்த மூடியை, கழிவுநீர் மேல் மிதக்கவிட்டு நிமிடத்துக்கு 5 லிட்டர் காற்று செலுத்தினால், தொட்டி வெளிவிடும் வாயு அப்படியே கணக்குக்கு வந்துவிடும்" என்று தொட்டிக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. சேம்பரின் கொள்ளளவு 30 லிட்டர். உள்ளே காற்று ஒரு முறை மாறவே 6 நிமிடம். அது மூடிபோட்ட பானை. திறந்த தொட்டி மேல் காற்று அப்படியா வீசுகிறது?

தொட்டிக்காரன்:
அந்த 5 லிட்டர் என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1986 வழிகாட்டியில் இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

வளிமானி:
அதன் தலைப்பையாவது படித்தீர்களா? நிலப்பரப்பிலிருந்து வரும் வாயு என்றுதான் இருக்கிறது. தண்ணீர் என்று இல்லை.

தொட்டிக்காரன்:
தண்ணீருக்கும் அதையேதான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு, அந்த அழுகிய முட்டை நாற்ற வாயு, வெளியேறுவதற்குத் தடை பெரும்பாலும் நீரின் பக்கம்தான். மேலே காற்று கூடினால் அம்மோனியா அளவுக்கு அது எகிறாது. போன மாதம் பிஎச் விவாதத்திலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டுப் பாய்ந்தீர்கள்.

ஆய்வக மேசை:
5 லிட்டரை விடுங்கள். சேம்பர் காற்றைப் பிடித்துவைத்த பை எத்தனை மணி நேரம் கிடந்தது? மூக்கால் முகர்ந்து நாற்றத்தை அளப்பதற்கான ஐரோப்பிய இஎன் 13725 தரநிலைப்படி 30 மணி நேரத்துக்குள் முகர்ந்து முடிக்க வேண்டும். சேம்பரின் உள்பக்கம் வியர்த்து, துளி துளியாகக் குழாய் வழியே பைக்குள் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அம்மோனியா அந்தத் துளியிலேயே கரைந்துவிடும். அப்புறம் எதை அளப்பது?

பழைய மூக்கு:
பையும் வேண்டாம், வாயு மீட்டரும் வேண்டாம். உள்ளே நுழைந்ததுமே நான் சொல்லிவிடுவேன்.

ஆய்வக மேசை:
அண்ணே, ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர்தான் மயங்கி விழுகிறார். இதில் பெருமை வேண்டாம்.

பழைய மூக்கு:
எனக்கே பாடமா? இறங்கும்போது என் சட்டையில் மீட்டர் இருக்கும். 10 பிபிஎம்மிலேயே கத்திவிடும்.

வளிமானி:
இப்போதுதானே மீட்டர் வேண்டாம் என்றீர்கள்? சரி, 5 லிட்டருக்கு வருவோம். தண்ணீர் விளிம்பு தாண்டி விழுகிற இடத்தில்தான் வாயு குபுகுபுவென்று கிளம்பும். அங்கே சேம்பர் மிதக்குமா? அசைவில்லாத நடுப்பகுதியில் வைத்து, அந்த எண்ணை முழுத் தொட்டிக்கும் பெருக்கிவிட்டீர்கள். விண்ட் டனல் வையுங்கள், தெரிந்த வேகத்தில் நீர்மேல் காற்றை ஓட்டும் கூண்டு அது.

தொட்டிக்காரன்:
அதில் மட்டும் என்ன? காற்று வேகத்தைக் கூட்டினால் எண்ணும் கூடும். வேகத்தை முடிவு செய்வதும் நீங்கள்தான்.

வளிமானி:
வேகத்தை எழுதிவைக்கிறேன், பிறகு திருத்திக் கணக்கிடலாம். உங்கள் 5 லிட்டரில் திருத்துவதற்கு வேகம் எங்கே இருக்கிறது?

தொட்டிக்காரன்:
5 லிட்டர்தான். நாளைக்கும் அதையேதான் விடப்போகிறேன்.

வளிமானி:
விடுங்கள். அறிக்கையில் 'நிலப்பரப்பு முறை' என்று எழுதிக் கையெழுத்தும் போடுங்கள், பார்க்கிறேன்.