டெங்கு பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடமாகத் தெரியும், வீட்டுத் தண்ணீர்ப் பரலைத் தேய்க்கத்தான் ஆளில்லை

மூதூர்_டீச்சர்:
தரம் 7, 8க்குச் சுகாதாரம் படிப்பிக்கிறேன். காலைக் கூட்டத்தில் பேச்சு, சித்திரப் போட்டி, துண்டுப்பிரசுரம் எல்லாம் செய்தாயிற்று. கேட்டால் நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை வரிசை பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள். வீட்டில் பரலும் பூச்சாடித் தட்டும் முன்பு இருந்தபடியேதான். ஒக்டோபர் மழைக்கு முன் ஆறு கிழமை இருக்கிறது. எதை மாற்றலாம்?

கொட்டியாரக்குடா:
டீச்சர், "டெங்குவை ஒழிப்போம்", "சூழலைச் சுத்தமாக வைத்திருப்போம்" என்ற வரிகளை முதலில் கழற்றி வையுங்கள். கைக்கு வேலை சொல்லாத வசனங்கள் அவை. ஒரே ஒரு செயலைப் பிடியுங்கள்: "கிழமைக்கு ஒரு நாள் பரலின் உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவு." தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில். ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் வெறுமையாகக் கிடக்கும் பரல், டயர், சிரட்டையையும் மழைக்கு முன்னமே பார்க்கச் சொல்கிறோம். முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாக 7 முதல் 10 நாள் ஆகும். கிழமைக்கு ஒருமுறை என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. இந்தக் காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரியாதவர் மூன்றாம் கிழமை விட்டுவிடுவார்.

அடுத்தது, ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள். ஐந்தாறு தாய்மாரிடம் பேசினால் போதும். "குழாயில் ஒன்றுவிட்ட நாள்தான் தண்ணீர் வரும், எப்படி ஊற்றிவிடுவது?" என்றுதான் பலர் சொல்வார்கள். அது சோம்பல் அல்ல, நியாயமான தடை. அதற்குப் பேச்சு மருந்தாகாது, வழி காட்ட வேண்டும். மெல்லிய துணியால் வடித்து வேறு பாத்திரத்தில் தண்ணீரை மாற்றுங்கள், சுவரைத் தேய்த்து அலசுங்கள், வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். துணியில் நிற்கும் குடம்பிகளை, அதாவது நுளம்புப் புழுக்களை, காய்ந்த மண்ணில் உதறுங்கள், கானுக்குள் வேண்டாம். பிறகு பழைய நுளம்பு வலைத் துண்டால் வாயை மூடி, சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டியால் இறுக்குங்கள். மூடி சற்று விலகியிருந்தாலே நுளம்பு உள்ளே போய்விடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அபேட் மணல் (குடம்பியைக் கொல்லும் மருந்து சேர்த்த மணல்) தந்தால், 1 சதவீத மணல் 100 லீற்றருக்கு 10 கிராம். 200 லீற்றர் பரலுக்கு 20 கிராம்.

போஸ்டரில் புகை அடிக்கும் படம் இருந்தால் அகற்றுங்கள். பார்ப்பவர், "அவர்கள் வந்து அடிப்பார்கள்" என்று இருந்துவிடுவார். புகை பறப்பதைத்தான் கொல்லும், பரலில் இருப்பதை ஒன்றும் செய்யாது. புதிய போஸ்டரை அச்சடிக்க முன் ஐந்து தாய்மாரிடம் காட்டி, "இதைப் பார்த்து என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "துப்புரவாக இருப்போம்" என்று பதில் வந்தால் திரும்ப வரையுங்கள்.

கிண்ணியா_கரை:
நாள் குறிப்பது முக்கியம். புதுநாள் தேட வேண்டாம், இருக்கிற பழக்கத்தில் கட்டிவிடுங்கள். சைவ வீடுகளில் வெள்ளிக்காக வியாழன் பின்னேரம் வீடு கழுவுவார்கள். எங்கட வீடுகளிலும் ஜும்ஆவுக்கு முன் துப்புரவு நடக்கும். ஆக, "வியாழன் பின்னேரம் பத்து நிமிடம்" என்பது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயிலிலும் அன்று அஸர் (பின்னேரத் தொழுகை) முடிந்த பிறகு ஒரே வாசகம், 20 செக்கன். நீட்டினால் கேட்க மாட்டார்கள். 2017 மார்ச்சில் இங்கு கிண்ணியாவில் டெங்கு பரவியதை எல்லாருக்கும் நினைவிருக்கு. அதைச் சொல்லிப் பயமுறுத்தி நிறுத்திவிடாதீங்க. பயம் வந்த கையோடு செய்யவேண்டியதையும் சொல்லாட்டி சனம் காதைப் பொத்திக்கொள்ளும்.

மூதூர்_டீச்சர்:
நன்றி. பிள்ளைகள் வீட்டில் செய்தார்களா என்று எப்படிச் சரிபார்ப்பது? சரி அடையாளம் போடும் அட்டை கொடுக்கலாமா?

தம்பலகாமம்_வயல்:
வெறும் சரி அடையாளம் என்றால் வெள்ளி காலை பஸ்ஸில் இருந்தே நாலு கிழமைக்கும் போட்டுவிடுவார்கள்! எண்ணிக்கை கேளுங்கள்: எத்தனை பாத்திரம், எதில் குடம்பி. குடம்பி கண்டதற்குப் பரிசு கொடுத்தால் போத்தலில் வளர்த்துக் கொண்டுவருவார்கள். இல்லை என்பதற்குப் புள்ளி கொடுத்தால் மறைப்பார்கள். ஒழுங்காக எழுதியதற்கு மட்டும் பாராட்டு.

பிள்ளை எழுதிய அட்டை வழக்குப் போட ஆதாரமாகப் போகக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் தண்டம் உண்டு. ஒரு வீட்டுக்காரர் பிள்ளையின் அட்டையால் தண்டம் கட்டினால், அடுத்த வாரம் ஊரில் ஒரு அட்டையும் உண்மை சொல்லாது. பரிசோதகரிடம் இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

தொடங்க முன் 30 வீடு, ஆறாம் கிழமை அதே 30 வீடு, ஒரு பெரியவரோடு போய்ப் பாருங்கள். குடம்பி உள்ள வீடு 9 என்றால் வீட்டுச் சுட்டி 30 சதவீதம். எந்தப் பாத்திரத்தில் குடம்பி அதிகம் என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பரலை விடப் பூச்சாடித் தட்டும் பிரிஜ்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டும் முந்தினால் உங்கள் வாசகத்தை அதற்கு மாற்ற வேண்டியிருக்கும்.